கோட்டைக் கழற்றிய பிறகும்: டொராண்டோவில் இலையுதிர் காலத்துக்கு உடுத்துவது

அக்டோபர் மாத டொராண்டோவில் ஒரே நாளுக்குள் மூன்று பருவங்கள் வந்துபோகும். காலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் 6 அல்லது 7 டிகிரி. சுரங்க ரயிலுக்குள் நுழைந்தால் புழுக்கம். மதியம் வெயில் ஏறினால் 15 டிகிரி வரை போகும். மாலையில் ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிட்டால் மறுபடியும் கழுத்தை மூட வேண்டியிருக்கும். சராசரிக் கணக்கில் செப்டம்பரின் பகல் 21 டிகிரியையும் இரவு 13ஐயும் ஒட்டி இருக்கும். அக்டோபரில் அது 14, 7 என்றாகும். நவம்பரில் 8, 2. மூன்றே மாதத்தில் இவ்வளவு சரிவு.

அதனால் இந்தப் பருவத்து உடைக்கு ஒரே ஒரு விதி போதும் என்பது என் கட்சி. ஒரு நாளில் நான்கு தடவையாவது எதையோ கழற்றப் போகிறீர்கள். கழற்றிய பிறகு மிஞ்சுவதும் முழு உடையாகத் தெரிய வேண்டும். நல்ல கோட்டுக்குள் சாயம் போன டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போனவர், அலுவலகச் சூட்டிலும் கோட்டைக் கழற்ற மனமில்லாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தடித்த ஜாக்கெட் ஒன்றை மட்டும் நம்பி வந்தவர் பாடு இன்னும் மோசம். போட்டால் புழுக்கம், கழற்றினால் நடுக்கம். செப்டம்பரில் புதிதாக வந்து இறங்கும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைக்குப் போகும் வரிசையையும் இதற்கேற்ப மாற்ற வேண்டும். எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது கோட்டுதான். ஆனால் அதைக் கடைசியாக வாங்குங்கள். உள்ளே போடுவது என்ன என்று முடிவு செய்து, வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே போய்க் கோட்டைப் போட்டுப் பாருங்கள். மெல்லிய டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டுப் பார்த்து ஆகஸ்டில் வாங்கிய கோட்டு, அக்டோபரில் ஸ்வெட்டருக்கு மேல் போட்டதும் அக்குளில் பிடிக்கும்.

உள் அடுக்குக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டுவர வேண்டியதும் இதுதான். திருப்பூர்ப் பருத்தி டி-ஷர்ட்டுகள், தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த முழுக்கைச் சட்டைகள், நல்ல உள்ளாடைகள் எல்லாம் இங்கே வாங்கினால் விலை கூடுதல். ஊரிலேயே கனமான குளிர் ஜாக்கெட் வாங்கிப் பெட்டியில் பாதி இடத்தை அடைக்காதீர்கள். இந்த ஊர்க் குளிருக்கென்று தைத்தது இந்த ஊரில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். கழுத்து தொங்காத, வெளியே தெரிந்தாலும் கூச்சப்பட வேண்டாத மேல்சட்டைகள் நான்கைந்து இருந்தால் போதும்.

பணத்தையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் நடு அடுக்கு. அதாவது ஸ்வெட்டர், கார்டிகன். நாளின் பெரும்பகுதி உங்களைப் பார்ப்பவர்கள் பார்ப்பது அதைத்தான்.

ஸ்வெட்டரைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் உள் தையலில் இருக்கும் துணிச் சீட்டைத் திருப்புங்கள். கனடாவில் விற்கும் துணியில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'வூல்' என்பதற்குப் பக்கத்தில் ஃபிரெஞ்சில் 'லேன்' என்று இருக்கும். கடை அட்டையில் பெரிய எழுத்தில் 'கம்பளிக் கலவை' என்று போட்டிருந்தாலும் சீட்டில் கம்பளி 10 சதவீதம், மீதி அக்ரிலிக் என்று இருப்பது சாதாரணம். அக்ரிலிக் பார்க்க மெத்தென்று இருக்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது. புழுக்கமான ரயிலிலிருந்து காற்றடிக்கும் தெருவுக்கு ஏறுகிறவருக்கு இதன் அருமை புரியும்.

'கம்பளி குத்துமே' என்று தயங்குகிறவர்கள் மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குத்துவது கம்பளியின் குணமன்று, இழையின் தடிமன். 30 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நெருங்கும் இழை தோலில் பட்டதும் வளையாமல் குத்தி நிற்கும். மெரினோ இழை பெரும்பாலும் 17 முதல் 20 மைக்ரானுக்குள் இருப்பதால் வளைந்து கொடுத்துவிடும். கையால் தொட்டால் இந்த வேறுபாடு சரியாகத் தெரியாது. உள்ளங்கைத் தோல் தடித்தது. கழுத்தின் பக்கவாட்டில் வைத்து அரை நிமிடம் பாருங்கள்.

அடுத்து இரண்டு சோதனைகள். கைப்பட்டையை இரண்டு விரலால் இழுத்து விடுங்கள். உடனே பழைய அகலத்துக்குத் திரும்பினால் பின்னல் இறுக்கமானது. தளர்ந்தே நின்றால் மூன்றாவது வாரத்தில் முழங்கைப் பக்கம் பை விழும். பிறகு உள்பக்கத்தைக் கட்டைவிரலால் பத்துப் பதினைந்து தடவை தேய்த்துப் பாருங்கள். அதற்குள்ளேயே பஞ்சு திரண்டால் இழை குட்டையானது. எந்த ஸ்வெட்டரிலும் ஓரளவு உருண்டை திரளத்தான் செய்யும். கம்பளியில் திரளும் உருண்டை சில வாரங்களில் தானே உதிரும், அல்லது துணிச் சவரக் கருவியில் ஒரு தடவை வழித்தால் போய்விடும். செயற்கை இழை அறுந்து விழாத அளவுக்கு வலுவானது. அதனால் உருண்டைகள் துணியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

மூன்று போதும். கோட்டுக்குள் அடங்கும் மெல்லிய மெரினோ ஒன்று, முன்பக்கம் திறந்து மூடும் கார்டிகன் ஒன்று, நவம்பருக்குத் தடித்த பின்னல் ஒன்று. இவற்றுள் அதிகம் உழைப்பது கார்டிகன். தலை கலையாமல், ரயில் இருக்கையில் உட்கார்ந்தபடியே கழற்றலாம்.

துவைப்பதில்தான் பலர் நல்ல ஸ்வெட்டரை இழக்கிறார்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் அலைப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கி அட்டைபோல் ஆகிவிடும். பிறகு அதைத் திரும்ப விரிக்க வழியில்லை. குளிர்ந்த நீரில், கம்பளிக்கென்று விற்கும் சோப்பு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அழுத்தி அழுத்தி எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். தடித்த துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி அழுத்தினால் நீர் துண்டுக்குப் போய்விடும். தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் ஈரத்தின் எடையே இழுத்து நீளமாக்கிவிடும். காய்ந்த பிறகும் ஹேங்கரில் மாட்ட வேண்டாம், தோளில் கொம்பு முளைத்ததுபோல் மேடு விழும். மடித்து அடுக்குவதே சரி.

இனி கோட்டு

இந்தப் பருவத்துக்கு இரண்டு வேண்டும், மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. டிசம்பருக்கான பார்க்கா, அதாவது தலைமூடி வைத்த கனத்த குளிர்கோட்டு, வேறு கணக்கு, அதை இதில் சேர்க்கவில்லை.

மழைக்கு டிரென்ச் கோட்டு, அதாவது இடுப்புப் பட்டி வைத்த நீள மழைக்கோட்டு. அதன் துணியான கபர்டைனை 1879இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் தாமஸ் பர்பெரி. நூலை நெய்வதற்கு முன்பே நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, பிறகு சாய்வரியாக மிக நெருக்கி நெய்தார்கள். ரப்பர் பூசிய மழைக்கோட்டு போலப் புழுங்காது. எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த நெருக்கத்தைத்தான் தேட வேண்டும். துணியை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை வெளிச்சம் தெரியக் கூடாது. கழற்றி மாட்டும் உள் அடுக்கு சேர்ந்து வருவது கிடைத்தால் விடாதீர்கள், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஒரே கோட்டு போதும்.

காற்றுக்குக் கம்பளிக் கோட்டு. சீட்டில் கம்பளி 70, 80 சதவீதமும் மீதி நைலானுமாக இருப்பது நல்ல சேர்க்கை. நைலான் தேய்மானத்தைத் தாங்கும். 50க்குக் கீழே கம்பளி இறங்கி, பாலியெஸ்டர் முன்னே நின்றால் எவ்வளவு அழகான வெட்டாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். முதல் நவம்பர்க் காற்றிலேயே அது காட்டிக்கொடுத்துவிடும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நேராக நிற்பதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே ஸ்வெட்டரோடு பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, எதிரே இருப்பவரைக் கட்டிப்பிடிப்பதுபோல் கைகளை முன்னே குறுக்காகக் கொண்டுபோங்கள். முதுகு இழுத்தால் ஒரு அளவு பெரியது வேண்டும். பிறகு உட்காருங்கள். பொத்தான்களுக்கு இடையே வாய் பிளந்தால் இடுப்பில் போதவில்லை. தோள் தையல் தோள் எலும்பின் முனையிலோ, ஸ்வெட்டருக்கு இடம் விட்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளியோ இருக்கலாம். அதற்கு மேல் சரிந்தால் இரவல் கோட்டுபோல் தெரியும். இடுப்பு, கை நீளம் எல்லாவற்றையும் தையல்காரர் திருத்திவிடுவார். தோளைத் திருத்துவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். தோள் எந்த அளவிலும் ஒத்துவராதவர்கள் ரேக்லன் கையைத் தேடிப் பாருங்கள். அதில் தோள் தையலே கிடையாது, கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடும் தையல்தான். உள்ளே எவ்வளவு தடித்த ஸ்வெட்டர் போட்டாலும் இடம் கொடுக்கும்.

வாங்கி வந்ததும் கோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கீழ்ப் பிளவின் முனையில் வெள்ளை நூலிலோ துணி நிற நூலிலோ பெருக்கல் குறிபோல் ஒரு தையல் இருக்கும். அது அலங்காரம் இல்லை. வழியில் கசங்காமல் இருக்கப் போடும் தற்காலிகத் தையல். சின்னக் கத்தரியால் நடுவில் வெட்டி உருவிவிடுங்கள். அதோடே தெருவில் நடந்தால் பிளவு திறக்காமல் கோட்டு காலைத் தட்டும். கைப்பட்டையின் வெளிப்பக்கத்தில் நிறுவனத்தின் பெயரோடு ஒரு துணித் துண்டு தைத்திருந்தால் அதையும் பிரிக்க வேண்டும். பைகளின் வாயும் பல கோட்டுகளில் தைத்தே வரும். தையலைப் பிரித்தால் உள்ளே முழுப் பை இருக்கும்.

கால்சட்டையில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுர கெஜத்துக்கு 12 முதல் 14 அவுன்ஸ் கனமுள்ள அடர்நீல ஜீன்ஸ் ஒன்றும், வரிவரியாக மயிர் எழும்பி நிற்கும் கார்டுராய்த் துணியில் ஒன்றும் இருந்தால் பருவம் ஓடிவிடும். கார்டுராயில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை வரி என்று ஒரு கணக்கு உண்டு. 8 என்றால் வரி தடித்தது, உருவத்தைப் பருமனாகக் காட்டும். 14, 16 என்றால் மெல்லிய வரி, அலுவலகத்துக்கும் போடலாம். வாங்குமுன் இரண்டு கால்களையும் ஒரே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கார்டுராயின் மயிர் ஒரு திசையில் படிந்திருக்கும். வெட்டும்போது ஒரு காலைத் தலைகீழாக வைத்துவிட்டால் ஒரு கால் வெளிறியும் ஒரு கால் அடர்ந்தும் தெரியும். இஸ்திரியை உள்பக்கம்தான் போட வேண்டும், வெளிப்பக்கம் வைத்தால் வரி நசுங்கிப் பளபளக்கும்.

நிறம்

இதில் தமிழர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. இந்தப் பருவத்துக்குக் கடைகள் சன்னலில் அடுக்கும் நிறங்கள் எல்லாவற்றுக்கும் பட்டுப்புடவைக் கடையில் பெயர் இருக்கிறது: அரக்கு, செங்கல், கடுகு மஞ்சள், பாசிப் பச்சை, வெங்காயத் தோல், காப்பிக்கொட்டை, சந்தனம். மாநிறத்திலும் கருநிறத்திலும் இவை எப்படி எடுபடும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். அப்படியிருந்தும் இங்கே வந்ததும் பலர் கறுப்புக்கும் சாம்பலுக்கும் சுருங்கிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். வானமே சாம்பலாக இருக்கும் ஊரில் அரக்கு நிற ஸ்வெட்டர் முகத்துக்குத் தரும் ஒளியைக் கறுப்பு தராது.

சேர்க்கைக்கும் புடவையே வழிகாட்டும். புடவைக்கு உடல், கரை, முந்தானை என்று மூன்று. உடல் பெரும்பரப்பு, கரை அதற்கு எதிர்நிறம், முந்தானை கண்ணை இழுக்கும் இடம். கோட்டையும் கால்சட்டையையும் உடலாக வைத்துக்கொள்ளுங்கள், அடர்நீலமோ காப்பிக்கொட்டையோ. ஸ்வெட்டர் கரை. கழுத்துத் துணி முந்தானை. அடர்நீலக் கோட்டு, பாசிப் பச்சை ஸ்வெட்டர், கடுகு மஞ்சள் கழுத்துத் துணி என்றால் முடிந்தது. கோட்டைக் கழற்றினாலும் பச்சையும் நீலமும் நிற்கும். கழுத்துத் துணியையும் எடுத்துவிட்டால் அடக்கமான அலுவலக உடை. மூன்றுக்கு மேல் நிறம் போனால் கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலையும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒட்டகப் பழுப்புக் கோட்டு அழகானது, ஆனால் உங்கள் தோலின் நிறத்துக்கு மிக நெருங்கி வந்தால் முகத்தை மங்கலாக்கும். கோட்டை விட வேண்டாம். கழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் வெண்ணெய் நிறமோ அரக்கோ ஒன்றைக் கொண்டுவாருங்கள். பல நிற இழை கலந்து நெய்த சொரசொரப்பான கம்பளித் துணியான ட்வீடில் ஜாக்கெட் வாங்குபவர்கள் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். தூரத்தில் வெறும் பழுப்பாகத் தெரிந்ததில் துருவின் சிவப்பு, பாசிப் பச்சை, ஒன்றிரண்டு நீல இழைகூட இருக்கும். ஸ்வெட்டருக்கும் கழுத்துத் துணிக்கும் நிறத்தை அந்த இழைகளிலிருந்தே எடுத்தால் தவறாது.

கழுத்துத் துணிக்குத் தனியாகச் செலவு செய்யும் முன் பெட்டியில் இருக்கும் துப்பட்டாக்களை எடுங்கள். இரண்டேகால் மீட்டர்ப் பருத்தித் துப்பட்டாவை நீளவாக்கில் நான்காக மடித்து, பிறகு இரண்டாக மடக்கிக் கழுத்தில் போட்டு, முனைகளை மடிப்பின் வழியே இழுத்துவிட்டால் செப்டம்பர், அக்டோபர் முழுக்கப் போதும். கண்ணாடி, ஜரிகை வைத்தது வேண்டாம், ஸ்வெட்டரில் சிக்கி நூலை இழுக்கும்.

காலணி வாங்க மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். போடப்போகும் கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். ஊரில் போட்ட செருப்பின் அளவை அப்படியே சொல்லி வாங்கினால் நவம்பரில் விரல் மரத்துப்போகும். இறுக்கத்தால் இரத்த ஓட்டம் குறைகிறது, சூட்டைப் பிடித்து வைக்கக் காற்றுக்கும் இடம் இல்லை. வழுவழுப்பான தோல் அடி அழகாக இருக்கும், ஆனால் நனைந்த மேப்பிள் இலைகள் நடைபாதையில் வாழைப்பழத் தோலுக்குச் சமம். வரிவெட்டுள்ள ரப்பர் அடியே வேண்டும். மயிர்போல் மெத்தென்று இருக்கும் ஸ்வேட் தோலில் வாங்கினால் நீர்விலக்கும் திரவத்தை லேசாக இரண்டு தடவை தெளித்து, ஒரு முழு நாள் காயவிட்ட பிறகே வெளியே எடுங்கள். நனைந்துவிட்டால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். ஹீட்டர் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும்.

எப்போது, எங்கே

புதிய பருவத்துச் சரக்கு ஆகஸ்டிலேயே வந்துவிடும். முதல் விலைக்குறைப்பு அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாளை ஒட்டி. பெரிய குறைப்பு நவம்பர் கடைசியில், பிளாக் ஃபிரைடே என்ற தள்ளுபடி வெள்ளிக்கிழமைக்கு. ஆனால் அதுவரை காத்திருந்தால் டிரென்ச் கோட்டில் உங்கள் அளவு இருக்காது, இருந்தாலும் போட நாட்கள் மிஞ்சாது. மழைக்கோட்டையும் காலணியையும் செப்டம்பர் நடுவுக்குள் வாங்கிவிடுங்கள். கம்பளிக் கோட்டுக்கு நன்றியறிதல் நாள் வரை பொறுக்கலாம். தடித்த ஸ்வெட்டரும் பார்க்காவும் பிளாக் ஃபிரைடேக்கு.

விலைச்சீட்டில் இருப்பது முழு விலை இல்லை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 13 சதவீத வரி கல்லாவில் சேரும், 200 டாலர் கோட்டு 226 ஆகும். குழந்தைகளின் உடைக்கு 5 சதவீதம் மட்டும். பெண் குழந்தைகளுக்கு 16, ஆண் குழந்தைகளுக்கு 20 என்ற அளவு வரை இந்தச் சலுகை உண்டு. திருப்பிக் கொடுக்கும் விதி கடைக்குக் கடை வேறு, ரசீதின் பின்பக்கத்தைப் படித்துவிட்டே சீட்டைக் கிழியுங்கள்.

கம்பளிக் கோட்டுக்கு நான் முதலில் சொல்வது பழைய உடைக் கடைகளை. கென்சிங்டன் சந்தைத் தெருக் கடைகளிலும் வால்யூ வில்லேஜ் கிளைகளிலும், புதிதில் வாங்க முடியாத கனத்தில் முழுக் கம்பளிக் கோட்டுகள் கிடைக்கின்றன. அக்குள் தையல், உள்துணியின் கிழிசல், பையின் ஓட்டை மூன்றையும் கைவிட்டுப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பூச்சி தின்ற துளைகள் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அலமாரிக்குள் நுழைக்காமல், காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு பட்டுத் துணியையும் தின்னும். பக்கத்தில் தொங்குவது உங்கள் கூறைப் புடவையாக இருக்கலாம்.

புடவைக்கு மேல் கோட்டு

நவராத்திரியும் தீபாவளியும் இங்கே இந்தப் பருவத்தில்தான் வருகின்றன. மெல்லிய மெரினோ லெகிங்ஸுக்கு மேல் பருத்திப் பாவாடை கட்டுங்கள். செயற்கை இழை லெகிங்ஸும் சாட்டின் பாவாடையும் உரசினால் வறண்ட காற்றில் மின்னேறிப் புடவை காலோடு ஒட்டும். பருத்திப் புடவைக்கும் கைத்தறிக்கும் ரவிக்கைக்குப் பதிலாகக் கழுத்து மூடிய மெல்லிய ஸ்வெட்டர் மிக அழகாகப் பொருந்தும், கோட்டைக் கழற்றினாலும் குளிராது. காஞ்சிப் பட்டுக்கு அதன் ரவிக்கையே இருக்கட்டும். மேலே கார்டிகன் போடாதீர்கள், ஜரிகை பின்னலைப் பிடித்து இழுக்கும். வழுக்கும் உள்துணி தைத்த, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டு பட்டுத் துணியை உரசாமல் மூடும்.

பூட்ஸைப் போட்டுக்கொண்ட பிறகே புடவையைக் கட்டத் தொடங்குங்கள், குதிகாலின் உயரம் மாறினால் கரையின் உயரமும் மாறும். ஈரத் தரைக்கு இரண்டு விரல் உயர்த்திக் கட்டலாம். முந்தானையை மடித்துக் குத்திய பிறகு, தொங்கும் முனையை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிட்டுக் கோட்டைப் போடுங்கள். இல்லாவிட்டால் கோட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்து நடைபாதைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வரும்.

ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கோ வேறு எந்தக் கோயிலுக்கோ போகும் நாளில் கயிறு கட்டும் பூட்ஸ் வேண்டாம். பக்கவாட்டில் எலாஸ்டிக்கும் பின்னால் இழுக்க ஒரு பட்டையும் உள்ள செல்சி பூட்ஸ் என்றால், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே கழற்றிவிடலாம். அன்றைக்குப் போடும் காலுறை ஓட்டை இல்லாததாக, புடவைக் கரையின் நிறத்தில் இருக்கட்டும்.